அரிசி நிறப்பிரிப்பியின் வரிச்சுருள் இயக்கச் சுற்று

அரிசி நிறப்பிரிப்பியின் வரிச்சுருள் இயக்கச் சுற்று என்பது, அரிசி ஆலைகளில் கருப்பு, பழுப்பு அரிசிகளை நல்ல அரிசியிலிருந்து பிரித்தெடுக்கும் இயந்திரத்தில், காற்று வால்வுகளைத் திறந்து மூடும் மின்காந்தச் சுருள்களுக்கு மின்னோட்டம் அளிக்கும் மின்னணுச் சுற்று ஆகும். புள்ளியணி அச்சுப்பொறியின் ஊசிகளை இயக்கும் சுற்றும் இதே வகையைச் சேர்ந்தது. இரண்டிலும் ஒரு சிறு சுருளை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் காந்தமாக்கி, உடனே காந்தம் நீக்க வேண்டியுள்ளது.

சுருளை இயக்குவது எளிது. விரைவாக விடுவிப்பதே கடினம். சுருளின் காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் எங்கே செல்கிறது என்பதைப் பொறுத்தே சுருள் எவ்வளவு சூடாகும், வால்வு எவ்வளவு விரைவில் மூடும், கருப்பு அரிசியுடன் எவ்வளவு நல்ல அரிசி வீணாகும் என்பவை அமைகின்றன.

## பின்னணி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகை தமிழ்நாட்டின் முதன்மையான நெல் விளையும் பகுதியாகும். இங்குக் குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. குறுவை அறுவடையின் பிற்பகுதி வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி வருவதால், அறுத்த நெல் களத்திலும் கொள்முதல் நிலையங்களிலும் மழையில் நனைவது உண்டு. நனைந்த நெல் குவியலாகக் கிடக்கும்போது சூடேறி, பூஞ்சை பிடித்து, அரிசி நிறம் மாறுகிறது. கதிர் நாவாய்ப்பூச்சி பால் பிடிக்கும் பருவத்தில் மணியை உறிஞ்சுவதாலும் அரிசியில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைக்கும் நேரம் மிகுந்தாலும் நிறம் கெடும்.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியாக வாங்கும் நெல், கழகத்தின் நவீன அரிசி ஆலைகளிலும் அரைவை முகவர்களின் ஆலைகளிலும் அரைக்கப்பட்டு, நியாய விலைக் கடைகளுக்குச் செல்கிறது. கடைகளில் கருப்பு அரிசி கலந்து வருவது நெடுங்காலக் குறையாக இருந்தது. 2021 முதல் தமிழ்நாடு அரசு இவ்வாலைகளில் நிறப்பிரிப்பிகளை நிறுவுமாறு வலியுறுத்தி வந்தது.

நெல்லைப் பதப்படுத்தும் முறைகள் குறித்த ஆய்விலும் இப்பகுதிக்கு நீண்ட தொடர்பு உண்டு. 1967-இல் திருவாரூரில் நவீன அரிசி ஆலை ஒன்றின் ஆய்வகமாகத் தொடங்கி, 1972-இல் தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக வளர்ந்த நிறுவனம், 2017-இல் இந்திய உணவுப் பதனத் தொழில்நுட்பக் கழகம் எனவும், 2021-இல் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

## பெயர்

ஆலைகளில் இவ்வியந்திரம் "கலர் சார்ட்டர்" என்றும் "சார்டெக்ஸ்" என்றும் அழைக்கப்படுகிறது. சார்டெக்ஸ் என்பது இங்கிலாந்தில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். நாளடைவில் அது இயந்திர வகைக்கே பெயராகிவிட்டது. அரிசி மூட்டைகளிலும் "சார்டெக்ஸ் செய்தது" என்று அச்சிடப்படுவதைக் காணலாம்.

## இயந்திரம் செயற்படும் முறை

உமி நீக்கி, தவிடு தீட்டி, குருணை பிரித்த பின்னர் அரிசி நிறப்பிரிப்பிக்கு வருகிறது. அங்கு அதிர்வுத் தட்டு ஒன்று அரிசியைச் சாய்வான தடங்களில் ஒரே அடுக்காகப் பரப்பி விடுகிறது. தடத்தின் முடிவில் அரிசி நொடிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது. விழும் வழியில் முன்னும் பின்னும் உள்ள ஒளிப்படக்கருவிகள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. நிறம் மாறிய மணி தென்பட்டால், அதற்கு நேராகச் சில சென்டிமீட்டர் கீழே உள்ள காற்று முனை திறந்து, அழுத்தக் காற்றால் அந்த மணியைத் தனி வழியில் ஊதித் தள்ளுகிறது.

மணி நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்றும், ஒளிப்படக்கருவி பார்க்கும் இடத்திற்கும் காற்று முனைக்கும் இடையே 35 மில்லி மீட்டர் தொலைவு என்றும் கொண்டால், முடிவெடுத்து வால்வைத் திறக்கக் கிடைக்கும் காலம் 10 மில்லி நொடி மட்டுமே. திறந்த வால்வு மூடாமல் இருக்கும் ஒவ்வொரு மில்லி நொடிக்கும் 3.5 மில்லி மீட்டர் நீளமுள்ள அரிசி ஓட்டம் முனையைக் கடக்கிறது. ஒரு அரிசியின் நீளம் பொதுவாக 5 முதல் 7 மில்லி மீட்டர். ஆகவே வால்வு 1 மில்லி நொடி தாமதமாக மூடினாலும், கருப்பு அரிசிக்குப் பின்னால் வரும் நல்ல அரிசியும் ஊதித் தள்ளப்படும்.

## சுருளில் ஆற்றல் தேங்குதல்

காற்று வால்வினுள் வரிச்சுருள் ஒன்றும், அதனால் இழுக்கப்படும் சிறு இரும்புத் தகடும், தகட்டைத் திரும்பத் தள்ளும் வில்லும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாயும்போது தகடு இழுக்கப்பட்டு வால்வு திறக்கிறது. மின்னோட்டம் நின்றதும் வில் வால்வை மூடுகிறது.

வரிச்சுருள் ஒரு மின்தூண்டி என்பதால் அதில் மின்னோட்டம் உடனே உயராது. உடனே குறையவும் செய்யாது. உயரும் வேகத்தைக் கால மாறிலி தீர்மானிக்கிறது.

கால மாறிலி = மின்தூண்டல் எண் ÷ மின்தடை

சுருளில் தேங்கும் ஆற்றல்:

ஆற்றல் = ½ × மின்தூண்டல் எண் × மின்னோட்டத்தின் இருமடி

மின்னோட்டத்தைத் துண்டித்தாலும் இந்த ஆற்றல் மறைந்துவிடாது. டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையத்தைத் திடீரென நிறுத்தினால், சுருளின் முனைகளில் மின்னழுத்தம் பல மடங்கு உயர்ந்து டிரான்சிஸ்டரையே அழித்துவிடும். எனவே எல்லா இயக்கச் சுற்றுகளிலும் இந்த ஆற்றலுக்கு ஒரு வடிகால் அமைக்கப்படுகிறது. சுற்றுகளின் வகை வேறுபாடு அந்த வடிகாலில்தான் உள்ளது.

## சுற்று வகைகள்

### தொடர் டையோடு

சுருளுக்கு இணையாக ஒரு டையோடு, அதாவது இருமுனையம், வைக்கப்படுகிறது. டிரான்சிஸ்டர் நின்றதும் மின்னோட்டம் டையோடு வழியாகச் சுருளுக்குள்ளேயே சுற்றி, மெல்லக் குறைகிறது. இது மிக மலிவான முறை. ஆனால் தேங்கிய ஆற்றலின் பெரும்பகுதி சுருளின் கம்பியில் வெப்பமாகிறது. வால்வும் தாமதமாக மூடுகிறது.

### செனர் டையோடு

டிரான்சிஸ்டருக்கு இணையாக, மின்வழங்கியைவிட உயர்ந்த மின்னழுத்தத்தில் கடத்தும் செனர் டையோடு வைக்கப்படுகிறது. சுருளின் மீது அதிக எதிர் மின்னழுத்தம் விழுவதால் மின்னோட்டம் விரைவாகக் குறைகிறது. ஆனால் மின்னோட்டம் குறையும் வேளையிலும் மின்வழங்கி சுருளுடன் இணைந்தே இருப்பதால் மேலும் ஆற்றல் அதிலிருந்து எடுக்கப்பட்டு, செனரில் எரிக்கப்படுகிறது. இவ்வாறு விரைவுக்கு விலையாகக் கூடுதல் வெப்பம் உண்டாகிறது.

### ஆற்றலைத் திருப்பும் அரைப்பாலம்

சுருளின் மேல் முனையில் ஒரு டிரான்சிஸ்டரும் கீழ் முனையில் ஒரு டிரான்சிஸ்டரும் வைக்கப்படுகின்றன. சுருளின் கீழ் முனையிலிருந்து மின்வழங்கியின் நேர் முனைக்கும், எதிர் முனையிலிருந்து சுருளின் மேல் முனைக்கும் இரு டையோடுகள் இணைக்கப்படுகின்றன. இரு டிரான்சிஸ்டர்களும் இயங்கும்போது சுருளில் மின்னோட்டம் உயர்கிறது. இரண்டும் நின்றதும் அதே மின்னோட்டம் டையோடுகள் வழியாக மின்வழங்கியின் மின்தேக்கிக்குத் திரும்பிப் பாய்கிறது. இப்போது சுருளின் மீது விழும் மின்னழுத்தம் திசை மாறியிருப்பதால் மின்னோட்டம் விரைவாகக் குறைகிறது. ஆற்றலில் கணிசமான பகுதியும் மீட்கப்படுகிறது.

### உயர்த்திப் பிடிக்கும் முறை

தகட்டை அசைக்கத் தொடங்க அதிக விசை தேவை. அசைந்து ஒட்டிக்கொண்ட பின் காற்று இடைவெளி சுருங்கிவிடுவதால், அதைப் பிடித்து வைக்கச் சிறிய மின்னோட்டமே போதும். எனவே முதலில் முழு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை விரைவாக உயர்த்தி, பின்னர் அதைக் குறைந்த அளவில் பிடித்து வைக்கின்றனர். சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதமாக இருப்பதால், மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் வெப்பம் ஒன்பதில் ஒரு பங்காகிறது.

பிடிப்பு மின்னோட்டத்தை இரு வழிகளில் பெறலாம். முதலாவது, டிரான்சிஸ்டரை மிக விரைவாக இயக்கி நிறுத்திச் சராசரியைக் குறைப்பது. இரண்டாவது, 24 வோல்ட்டு, 5 வோல்ட்டு என இரு மின்வழங்கிகளை வைத்து, தொடக்கத்தில் முன்னதையும் பிறகு பின்னதையும் இணைப்பது. மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தைக் குறைப்பதும் உண்டு. அதில் பிடிப்பு வேளையில் எடுக்கப்படும் ஆற்றலின் பெரும்பகுதி மின்தடையில் வெப்பமாவதால், சேமிப்பு மற்ற இரு வழிகளைவிடக் குறைவு.

## ஒரு கணக்கு

இவ்வகைகளை ஒப்பிட, 24 வோல்ட்டு மின்வழங்கியும், 10 ஓம் மின்தடையும் 4 மில்லி ஹென்றி மின்தூண்டல் எண்ணும் கொண்ட ஒரு சுருளை எடுத்துக்கொள்ளலாம். இதன் கால மாறிலி 0.4 மில்லி நொடி. வால்வை 1 மில்லி நொடி திறந்து வைக்க வேண்டும் எனக் கொள்வோம். செனர் 60 வோல்ட்டில் கடத்துகிறது. உயர்த்திப் பிடிக்கும் முறையில் முதல் 0.3 மில்லி நொடி முழு மின்னழுத்தமும், பிறகு 0.4 ஆம்பியர் பிடிப்பு மின்னோட்டமும் அளிக்கப்படுகின்றன. தகடு நகரும்போது மின்தூண்டல் எண் மாறுவதும், தொடர் டையோடில் விழும் 0.7 வோல்ட்டைத் தவிர மற்றச் சிறு இழப்புகளும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

| சுற்று வகை | ஒரு திறப்புக்கு மின்வழங்கி இழக்கும் ஆற்றல் (மில்லி ஜூல்) | மின்னோட்டம் சுழியாக ஆகும் நேரம் (மில்லி நொடி) |
|---|---|---|
| முழு மின்னழுத்தம், தொடர் டையோடு | 36.5 | 1.4 |
| முழு மின்னழுத்தம், செனர் டையோடு | 41.1 | 0.19 |
| முழு மின்னழுத்தம், அரைப்பாலம் | 30.3 | 0.26 |
| உயர்த்திப் பிடித்தல், அரைப்பாலம் | 3.7 | 0.06 |

கடைசி வகையின் இரு நன்மைகளுக்கும் காரணம் ஒன்றே. முழு மின்னழுத்தத்தை 1 மில்லி நொடி முழுவதும் கொடுத்தால் மின்னோட்டம் 2.2 ஆம்பியருக்கு உயர்ந்து, சுருளில் 9.7 மில்லி ஜூல் தேங்குகிறது. உயர்த்திப் பிடிக்கும் முறையிலோ 1.27 ஆம்பியர் வந்ததும் மின்னோட்டம் குறைக்கப்பட்டு, அப்போதே ஏறத்தாழ 2.1 மில்லி ஜூல் மின்தேக்கிக்குத் திரும்பிவிடுகிறது. வால்வை மூட வேண்டிய நேரத்தில் சுருளில் இருப்பது 0.32 மில்லி ஜூல் மட்டுமே. விடுவிக்க வேண்டிய ஆற்றல் சிறிதாக இருப்பதால் மூடும் நேரமும் சிறிதாகிறது.

ஒரு தடத்தில் 64 வால்வுகள் இருந்து, ஒவ்வொன்றும் நொடிக்குச் சராசரியாக 50 முறை திறந்தால், நொடிக்கு 3200 திறப்புகள் ஆகும். தொடர் டையோடு முறையில் இதற்கு 117 வாட்டும், உயர்த்திப் பிடிக்கும் முறையில் 12 வாட்டும் தேவைப்படும்.

## அரிசியும் காற்றும்

நிறப்பிரிப்பிக்கு அழுத்தக் காற்று வழங்கும் கம்ப்ரசர் பல கிலோவாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது. அதனுடன் ஒப்பிட்டால் சுருள்களில் மிச்சமாகும் நூறு வாட் பெரிதன்று. உண்மையான சேமிப்பு வேறு இடத்தில் கிடைக்கிறது.

மேற்கண்ட தொடர் டையோடு சுற்றில், மின்னோட்டம் 0.2 ஆம்பியருக்குக் குறைந்ததும் வால்வு மூடத் தொடங்கும் எனக் கொண்டாலும், அதற்கே 0.85 மில்லி நொடி ஆகிறது. அதற்குள் 3 மில்லி மீட்டர் நீள அரிசி ஓட்டம் முனையைக் கடந்துவிடும். காற்றுச் செலவு வால்வு திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது என்பதால், 1 மில்லி நொடி திறக்கக் கருதிய வால்வு ஏறத்தாழ இரு மடங்கு காற்றை வெளியேற்றும். கம்ப்ரசரும் அதற்கேற்பக் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும்.

தள்ளப்பட்ட குவியலில் நல்ல அரிசி மிகுந்திருந்தால் அதனை மீண்டும் ஒருமுறை இயந்திரத்தில் செலுத்திப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் இதற்கெனத் தனித் தடம் ஒதுக்கப்படுகிறது. முதல் தடத்தில் வால்வுகள் கூர்மையாக மூடினால் இரண்டாவது தடத்தின் சுமை குறையும்.

## வெப்பமும் மின்னழுத்த மாற்றமும்

கோடையில் படுகை மாவட்டங்களில் வெப்பநிலை 38 செல்சியசைத் தாண்டுவது உண்டு. புழுங்கல் அரிசி ஆலையில் கொதிகலனும் உலர்த்தியும் இருப்பதால் உள்ளே வெப்பம் இன்னும் மிகுதி. தவிட்டுத் தூசி சுருள்களின் மேல் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது.

செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. சுருள் 40 பாகை சூடேறினால் 10 ஓம் மின்தடை 11.6 ஓம் ஆகும். மேற்கண்ட சுருளில் 0.3 மில்லி நொடி முடிவில் மின்னோட்டம் 1.27 ஆம்பியரிலிருந்து 1.20 ஆம்பியராகக் குறையும். இழுவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதமாகையால், அது பத்து விழுக்காடு குறையும். மின்வழங்கி 24 வோல்ட்டிலிருந்து 21 வோல்ட்டாகத் தாழ்ந்தால் விளைவு இன்னும் பெரிது: மின்னோட்டம் 12.5 விழுக்காடும், விசை ஏறக்குறைய கால் பங்கும் குறையும். அந்நிலையில் வால்வு முழுமையாகத் திறக்காமல் கருப்பு அரிசி தப்பிச் செல்லலாம்.

இதைத் தவிர்க்க, நேரத்தை அளந்து நிறுத்துவதற்கு மாறாக, மின்னோட்டத்தை அளந்து நிறுத்தும் சுற்றுகள் அமைக்கப்படுகின்றன. சுருளுடன் தொடராக 0.1 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து, அதில் 0.127 வோல்ட்டு தோன்றியதும் பிடிப்பு நிலைக்கு மாற்றினால், வெப்பமும் மின்னழுத்தமும் மாறினாலும் சுருள் அதே மின்னோட்டத்தை அடையும். தாழ்ந்த மின்னழுத்தத்தில் அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். 21 வோல்ட்டில் அது 0.37 மில்லி நொடி.

## புள்ளியணி அச்சுப்பொறியுடன் ஒப்பீடு

புள்ளியணி அச்சுப்பொறியின் தலையில் 9 அல்லது 24 ஊசிகள் உள்ளன. ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு சுருள் உண்டு. வங்கிகளில் சேமிப்புக் கணக்குப் புத்தகங்களை அச்சிட இவ்வகைப் பொறிகள் பரவலாகப் பயன்படுகின்றன. 1980-களில் எசு.ஜி.எசு நிறுவனத்தின் எல்295 என்ற ஒருங்கிணைந்த சுற்று, அச்சுப்பொறிகளின் ஊசி, சுத்தியல் ஆகியவற்றின் சுருள்களை இயக்குவதற்கு ஏற்றதாக இருந்தது. அது மின்னோட்டத்தை அளந்து, துடிப்புகளால் கட்டுப்படுத்தும் முறையைக் கொண்டது.

அச்சுப்பொறிக்கும் நிறப்பிரிப்பிக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஊசி நாடாவைத் தட்டியதும் திரும்பிவிட வேண்டும். பிடித்து வைக்கத் தேவையில்லை. எனவே அங்குப் பிடிப்பு மின்னோட்டத்தால் பயன் குறைவு. ஆற்றலைத் திருப்புவதே முதன்மையான சேமிப்பு. மேற்கண்ட சுருளை 0.3 மில்லி நொடி மட்டும் இயக்கினால், ஒரு தட்டலுக்குத் தொடர் டையோடு முறையில் 5.1 மில்லி ஜூலும், செனர் முறையில் 6.9 மில்லி ஜூலும், அரைப்பாலத்தில் 2.7 மில்லி ஜூலும் செலவாகும். தொடர் டையோடு முறையில் மின்னோட்டம் சுழியாக 1.2 மில்லி நொடி ஆகும். நொடிக்கு ஆயிரம் முறை தட்ட வேண்டிய ஊசிக்கு அடுத்த தட்டல் அதற்குள்ளேயே வந்துவிடும் என்பதால் இம்முறை பொருந்தாது.

## வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

* மின்தேக்கி: பல மின்வழங்கிகளால் திரும்பி வரும் ஆற்றலை உள்வாங்க இயலாது. அதைத் தாங்க மின்தேக்கி தேவை. 20 வால்வுகள் ஒரே நேரத்தில் 2.1 மில்லி ஜூல் வீதம் திருப்பினால், 4700 மைக்ரோ பாரடு மின்தேக்கியில் மின்னழுத்தம் 24 வோல்ட்டிலிருந்து 24.4 வோல்ட்டுக்கே உயரும். மின்தேக்கி மிகச் சிறியதாக இருந்தால் இந்த உயர்வு மற்ற உறுப்புகளைப் பாதிக்கும்.
* பிடிப்பு மின்னோட்டத்தின் அளவு: இதை மிகவும் குறைத்தால் ஆலையின் அதிர்விலேயே தகடு விடுபட்டு வால்வு முன்னதாக மூடிவிடும்.
* உறுப்புகளின் எண்ணிக்கை: அரைப்பாலத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் இரு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். 64 வால்வுகளுக்கு 128 ஆகும். இதனால் செலவும், பழுது நேரக்கூடிய இடங்களும் மிகுகின்றன.
* கம்பிகளின் நீளம்: சுற்றுப் பலகைக்கும் வால்வுக்கும் இடையே நீண்ட கம்பிகள் இருந்தால், விரைவான மின்னோட்ட மாற்றம் ஒளிப்படக்கருவியின் குறிகைகளில் இரைச்சலை உண்டாக்கும். எனவே பலகை வால்வுகளுக்கு அருகிலேயே பொருத்தப்படுகிறது.

## மாற்று முறை

சில புதிய இயந்திரங்களில் வரிச்சுருளுக்கு மாற்றாக, மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் அழுத்தமின் படிகங்களால் வால்வு இயக்கப்படுகிறது. இவை மின்தேக்கியைப் போன்றவை. காந்தப்புலத்திற்கு மாறாக மின்புலத்தில் ஆற்றல் தேங்குகிறது. வால்வைப் பிடித்து வைக்கத் தொடர் மின்னோட்டம் தேவையில்லை. ஆயினும் மூடும்போது தேங்கிய ஆற்றலை விரைவாக வெளியேற்ற வேண்டும் என்ற தேவை இவற்றிலும் மாறவில்லை.

## இவற்றையும் பார்க்க

* வரிச்சுருள்
* மின்தூண்டி
* புள்ளியணி அச்சுப்பொறி
* புழுங்கல் அரிசி
* காவிரிப் படுகை